சுருளாத சட்டைக் கை

“கத்தரிக்கோலைக் கீழ வைடி! கீழ வைன்னு சொல்றேன்ல!”

“வைக்கிறேன் அண்ணி. முதல்ல நான் சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.”

“நேத்துதான் தைச்சு முடிச்சேன். இன்னும் ஒரு தண்ணி கூடப் பார்க்காத சட்டை. கையைக் கீறி வாழைத்தோல் மாதிரி தொங்க விட்டிருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?”

“சட்டையைத்தானே கீறினேன். உங்க பொண்ணையா கீறிட்டேன்?”

“அவளைக் கீறியிருந்தா தானா ஆறியிருக்கும். இது ஆறுமா?”

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் குழாயை மூடினார்கள், தண்ணீர் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று. அந்தத் தெருவில் தையல்காரம்மாவுக்கும் அவள் நாத்தனாருக்கும் சண்டை என்பது புதிது இல்லை. ஆனால் கையில் கத்தரிக்கோலோடு நாத்தனார் நின்றது அன்றைக்குத்தான்.

நாத்தனார் நர்ஸ். அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கி, பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஊசி போடுகிற வேலை. அண்ணி, வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் டேப், காதோரம் சாக்பீஸ் துண்டு, வாயில் குண்டூசி. அந்தக் குண்டூசி வாயில் இருக்கும்போது மட்டும்தான் வீட்டில் அமைதி. இருவருக்கும் நடுவே, ஒரு கை கிழிந்த புதுச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள் ஏழாம் வகுப்பு படிக்கிற மகள். வீட்டில் அவளை வாயாடி என்பார்கள். இந்தச் சண்டையில் அவள் வாயே திறக்கவில்லை என்பதிலிருந்து விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அண்ணன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “நான் குளிச்சிட்டு வந்துடறேன்” என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ் ஓட்டுகிறவர். எந்த வளைவில் பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்தது சும்மா இல்லை. அவளுக்குத் தலைக்கு மேல் ஒரு மலை தொங்கிக்கொண்டிருந்தது. நிஜமான மலை. மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு, பாதி வருஷம் மேகத்துக்குள்ளேயே இருக்கும். பெண்கள் பள்ளியில் சிறுமிகளுக்குப் போடுகிற கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போன வருஷம் படுதோல்வி. அம்மாக்கள் எல்லோரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊசி நாளன்று பார்த்தால் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வயிற்றுவலி, மீதிப் பேருக்கெல்லாம் பெரியம்மா சீரியஸ். ஒரே நாளில் ஊரிலுள்ள அத்தனை பெரியம்மாக்களும் படுத்துக்கொண்டது மருத்துவ உலகமே காணாத அதிசயம். அப்போது இருந்த நர்ஸை மலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவள்தான் இவள். இந்த வருஷமும் அப்படியே ஆனால் நீயும் மலை ஏற வேண்டியதுதான் என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

மலை ஏறுவதில் அவளுக்குப் பயம் இல்லை. ஆனால் கீழே ஒருவர் இருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவர். நல்ல மனிதர், கொஞ்சம் கூச்சம். கல்யாணப் பேச்சு பாதிக் கிணறு தாண்டியிருந்தது. அவருடைய அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படியே ஏற மாட்டாள், மலை எங்கே ஏறுவது? “பொண்ணு ஊரோட இருந்தாத்தான்” என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. ஆக, பள்ளிக்கூடத்துப் பெண்கள் கையை நீட்டினால்தான் இவள் கழுத்தை நீட்ட முடியும்.

நர்ஸ் வருஷம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். வதந்திதான் காரணம் என்று எல்லோரும் சொன்னதால் வதந்தியோடு மல்லுக்கு நின்றாள். மாடிவீட்டம்மா என்று ஒருத்தி, “அந்த ஊசி போட்ட பொண்ணுக்குக் கல்யாணமே கூடி வராதாம்” என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். யார் சொன்னது என்று கேட்டால், “எல்லாரும்தான்”. நர்ஸ் அவளிடம் ஒரு மணி நேரம் பேசினாள். மாடிவீட்டம்மா பொறுமையாகக் கேட்டு, தலையாட்டி, காபி கொடுத்து, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா” என்று வழியனுப்பிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் அதையே மறுபடி சொன்னாள்.

ஊசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், அன்றைக்குச் சாயங்காலம், சண்டைக்குச் சற்று முன்னால், நர்ஸ் அண்ணன் மகளை உட்கார வைத்து, “நீதான் முதல்ல வந்து உட்காரணும். உன்னைப் பார்த்துதான் மத்தவங்க வருவாங்க” என்றாள்.

“நான் வர மாட்டேன் அத்தை. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்.”

“அடுத்த வாரம் வரப்போற காய்ச்சல் இப்பவே தெரியுமா உனக்கு? இங்க பாரு, இந்த இடத்துலதான் போடுவேன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்று நர்ஸ் அவள் சட்டைக் கையை மேலே சுருட்டப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் கூட வரவில்லை. மணிக்கட்டுப் பட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். வாயாடி “ஆ” என்றாள். சட்டை அசையவில்லை.

அப்போதுதான் வாயாடி வாயைத் திறந்தாள். போன வருஷமும் இப்படித்தான் ஆனது. யாருக்கும் கை சுருளவில்லை. அதனால் அறிவியல் அறையில் ஒரு மறைப்புக் கட்டி, பட்டனைக் கழற்றி ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். மறைப்பு என்றால் திரை இல்லை. சுவரில் தொங்கவிடுகிற உலக மேப். அதற்கு மேலே ஸ்பிரிங் வைத்த உருளை. முதல் பெண் மறைப்புக்குப் பின்னால் பாதி சட்டையோடு நின்றபோது ஏழு கண்டங்களும் சமுத்திரங்களும் சடாரென்று மேலே சுருண்டுகொண்டன. அந்த நேரம் பார்த்து வாசலில் போன டிராயிங் மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்து தூணில் மோதினார். நல்ல மனுஷன், அதற்குப் பிறகு ஒரு மாதம் நெற்றியில் கட்டோடு படம் வரையக் கற்றுக் கொடுத்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அந்த நொடியிலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

“இதை ஏன்டி யாரும் வீட்ல சொல்லல?”

“எப்படி அத்தை சொல்றது? மேப் சுருண்டுடுச்சுன்னா சொல்றது? ஊசி போட்டா மயக்கம் வருதுன்னு சொல்லிட்டோம்.”

அந்த மயக்கத்தைத்தான் அம்மாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் மாவு போட்டுப் பிசைந்து, கல்யாணம் கூடி வராது என்கிற அளவுக்கு உப்ப வைத்திருந்தார்கள். நர்ஸுக்குத் தலை சுற்றியது. மேசை மேல் அண்ணியின் கத்தரிக்கோல் இருந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரே கீறல். “இப்ப பாரு, கை தெரியுதா இல்லையா?” என்று கேட்கும்போதுதான் அண்ணி நூல்கண்டோடு உள்ளே வந்தாள்.

சண்டை அதற்குப் பிறகு நன்றாகச் சூடு பிடித்திருந்தது.

“எல்லாம் உங்க தையலால வந்தது அண்ணி. மனுஷி கை நுழையற மாதிரியா தைச்சிருக்கீங்க? பேனாவுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கு.”

“சுருளக் கூடாதுன்னுதான் தைக்கவே சொன்னாங்க! பொண்ணுங்க கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கிட்டு ரவுடி மாதிரி திரியறாளுங்க, எவளும் சுருட்ட முடியாதபடி தைச்சுக் கொடுன்னு பெரிய டீச்சர் என் கடைக்கே வந்து கேட்டாங்க. முழங்கைக்குக் கீழ பிடிச்சு, பட்டியைக் கெட்டியாக்கி, எத்தனை சட்டையைப் பாழாக்கிக் கண்டுபிடிச்ச வெட்டு தெரியுமா அது? இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தி, ஒரே ஒருத்தி, என் சட்டையைச் சுருட்டினான்னு காட்டு பார்க்கலாம்!”

“அதனாலதான் ஒருத்தி, ஒரே ஒருத்தி கூட ஊசி போட்டுக்கல!”

அண்ணி அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் ஒரு விரல் திறந்தது.

“எந்த வியாதிக்குடி அந்த ஊசி?”

நர்ஸுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், மாதக்கணக்காக அவள் வேறு எதையும் பேசியதில்லை. “இத்தனை நாளா நான் சொல்லிக்கிட்டிருந்தது?”

“நீ பேச ஆரம்பிச்சா நான் மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுடுவேன். எனக்கு எங்க கேட்டது?”

“கர்ப்பப்பை வாயில வர்ற புற்றுநோய் அண்ணி. ஒரு கிருமியால வர்றது. இந்த வயசுல போட்டுட்டா, பின்னாடி பெரும்பாலும் வராம தடுத்துடலாம்.”

அண்ணி காதோரத்து சாக்பீஸ் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“எங்க அக்காவுக்கு வந்தது அதுவா?”

“அதேதான்.”

“வயித்துல கட்டின்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம். வாயால சொல்லவே கூச்சப்பட்டா. மாசாமாசம் அவ சட்டையை நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன். இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச். கடைசியில பிடிக்கிறதுக்குத் துணி இருந்தது, ஆள் இல்ல.”

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாயாடி கிழிந்த சட்டைக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

அண்ணிதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். மகளின் கிழிந்த சட்டைக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “உனக்குத் துணி வெட்டவும் தெரியல. தையலோரமா பிரிச்சிருந்தா மறுபடி மூட்டியிருக்கலாம். நட்டநடுத் துணியில போட்டுக் கிழிச்சிருக்க, மாடு மேஞ்ச மாதிரி.”

“பிரிச்சா திரும்ப மூட்டலாமா அண்ணி?”

“ஏன் முடியாது? அடித்தையலை மணிக்கட்டுலேர்ந்து முழங்கைக்கு மேல வரைக்கும் பிரிச்சா, கை அப்படியே தோளுக்கு மடிஞ்சுக்கும். உன் வேலை முடிஞ்சதும் ஓட்டுத்தையல் ஒண்ணு போட்டா பழையபடி ஆச்சு. சட்டையைக் கழற்றவும் வேண்டாம், மேப்பும் வேண்டாம்.” சொல்லி முடித்த பிறகுதான், தான் நாத்தனாருக்கு உதவி செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. “உனக்காக ஒண்ணும் இல்ல” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவில் ஆளாளுக்கு வாசலில் ஏதோ வேலை இருந்தது.

பெரிய டீச்சருக்கு இஸ்திரி என்று பட்டப்பெயர். உடுப்பில் ஒரு மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை, முகத்திலும் அப்படியே. ஆனால் ஊசி விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. பதாகை பிடித்து ஊர்வலம் விட்டவள், பிரார்த்தனைக் கூட்டத்தில் நாலு தடவை பேசியவள். “அம்மாக்களோட மூடநம்பிக்கை. வேற என்ன?” என்றாள்.

“அம்மாக்கள் எல்லாரும் சம்மதம் கொடுத்துட்டாங்க டீச்சர்” என்றாள் நர்ஸ்.

“அப்ப ஏன் யாரும் வரல?”

அண்ணி முந்திக்கொண்டாள். “மேப் சுருண்டுச்சு டீச்சர், சட்டை சுருளல. ரெண்டும் மாறி நடந்திருந்தா போன வருஷமே வேலை முடிஞ்சிருக்கும்.”

விஷயத்தை விளக்கியதும் பெரிய டீச்சர் கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய மேப்பையே பார்த்தாள். அது அடக்க ஒடுக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு ஒரு நாள் கலர் டிரஸ்ல வரட்டுமே டீச்சர்” என்றாள் நர்ஸ், நயமாக.

“இன்னிக்கு ஊசின்னு கலர் டிரஸ். நாளைக்குப் பிறந்தநாள்னு கலர் டிரஸ். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?”

“விளையாட்டு நேரத்துக்குப் போடற அரைக்கை சட்டை?”

“அதுல கை தெரியும். மைதானத்துக்கு மட்டும்தான்.”

“கை தெரிஞ்சாத்தானே டீச்சர் ஊசி போட முடியும்?”

“அதுக்காக வகுப்புல எல்லாம் கை தெரியணுமா?”

கடைசியில் தையலைப் பிரிக்கிற யோசனைக்குப் பெரிய டீச்சர் இறங்கி வந்தது ஒரே நிபந்தனையில்தான்: எந்தச் சட்டையைப் பிரிக்கிறார்களோ அதை அந்த அறையிலேயே தைத்து மூட வேண்டும். பிரிந்த கையோடு ஒருத்தி கூட வராந்தாவில் கால் வைக்கக் கூடாது.

இத்தனை கையை அண்ணி ஒருத்தியால் தைக்க முடியாது. ஆகவே நர்ஸ் மறுபடி வீடு வீடாக ஏறினாள். இந்தத் தடவை துண்டுப்பிரசுரம் கொடுக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. “ஊசி நூல் பிடிக்கத் தெரியுமா அம்மா? ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வர முடியுமா?” அவ்வளவுதான். புற்றுநோய் என்று சொன்னபோது வேலை இருக்கிறது என்றவர்கள், தையல் என்றதும் வருகிறேன் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி எப்படித் தைக்கிறாள் என்று பார்க்கிற வாய்ப்பை யார் விடுவார்கள்? மாடிவீட்டம்மா தன் சொந்தக் கத்தரிக்கோலோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

ஊசி நாளன்று அறிவியல் அறையைப் பார்த்தவர்கள் அது ஊசி போடும் இடமா, கல்யாணச் சத்திரமா என்று குழம்பியிருப்பார்கள். வாசல் பக்கம் அண்ணி ஒரு ஸ்டூலில் அமர்ந்து, பிளேடால் தையலைப் பிரித்துப் பிரித்து உள்ளே அனுப்பினாள். நடுவில் நர்ஸ். அதற்கப்பால் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார வேண்டிய பெஞ்சு. அந்த நேரத்தில் அம்மாக்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தைத்தார்கள். பெரிய டீச்சர் வராந்தாவில் காவல் நின்றாள்.

முதலில் வாயாடி. அண்ணி மகளின் சட்டையைப் பிரிக்கும்போது பிளேடு இரண்டு முறை நழுவியது, அவளுக்கு நழுவுவதே கிடையாது. “போ” என்றாள். நர்ஸ் போட்டு முடித்துப் பஞ்சை வைத்தாள். “அவ்வளவுதானா அத்தை?” என்று எழுந்து, வரிசையைப் பார்த்து வாயாடி கையை ஆட்டினாள். வரிசை மூச்சு விட்டது. காய்ச்சல்காரிகள் இருவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தேறிவிட்டதாக அறிவித்தார்கள்.

வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெஞ்சுப் பக்கமிருந்து ஓர் அலறல். நர்ஸ் பதறி ஓடினாள். தடுப்பூசிக்கு இமைகூடக் கொட்டாத வகுப்புத் தலைவி அழுதுகொண்டிருந்தாள். தைக்கும்போது மாடிவீட்டம்மாவின் ஊசி முழங்கையில் ஏறிவிட்டது.

“ஒரே ஊசிதான்னு சொன்னீங்க!” என்று விம்மினாள் அந்தப் பெண். “இவங்க ரெண்டாவது போடறாங்க!”

அறை முழுக்கச் சிரித்தது. மாடிவீட்டம்மாவுக்கு மானம் போய்விட்டது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று நர்ஸ் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஏம்மா, இவ்வளவு சொல்றியே, நீ இதைப் போட்டுக்கிட்டியா?” என்றாள்.

“எங்க காலத்துல இது கிடையாதும்மா. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப யாரும் போடல.”

வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது, தலையை நிமிர்த்தாமல், பிளேடை நிறுத்தாமல். “அதனாலதான் அவளுக்கு இன்னும் கல்யாணம் கூடி வரல!”

நர்ஸின் காது வரை சிவந்தது. அம்மாக்கள் அத்தனை பேரும் ஊசியை அந்தரத்தில் நிறுத்தினார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். கணக்கு எல்லோர் முகத்திலும் ஓடுவது தெரிந்தது. ஊசி போடவில்லை; வயசு ஏறுகிறது; வரன் இழுத்துக்கொண்டே போகிறது. “அட, ஆமாம்ல!” என்றாள் மாடிவீட்டம்மா.

“அப்படியெல்லாம் இல்லம்மா! இது புற்றுநோய் வராம இருக்கத்தான், கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று நர்ஸ் தொண்டை வறளக் கத்தினாள். யார் கேட்டார்கள்? சாயங்காலத்துக்குள் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு நல்ல இடமாக அமையுமாம் என்ற செய்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. நிஜமாகவே காய்ச்சலில் படுத்திருந்த பெண்ணின் அம்மா மாலையில் மூச்சிரைக்க வந்து, “என் பொண்ணை விட்டுடாதீங்க, காய்ச்சல் விட்டதும் கூட்டிட்டு வரேன்” என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். வருஷமெல்லாம் உண்மையைச் சொல்லி நடக்காதது, அண்ணியின் ஒரு வாய்க்கொழுப்பில் நடந்துவிட்டது. நர்ஸுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று அவளையேதான் கேட்க வேண்டும். ஆனால் மிச்ச மருந்துப் பெட்டியை மூடும்போது உள்ளே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அண்ணி ஸ்டூலிலேயே உட்கார்ந்து, மடி முழுக்கப் பிரித்த நூலோடு, மகள் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை, அதுவே அந்த வீட்டு வரலாற்றில் ஒரு சாதனை.

பெரிய டீச்சர் மட்டும் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாள். அம்மாக்கள் தைத்துக் கொடுத்தது பழைய அளவில் இல்லை. பிள்ளை வளருமே என்று ஒருத்தி, வலிக்குமே என்று ஒருத்தி, ஆளாளுக்கு உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தளர்வாகத் தைத்துவிட்டார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் ஊசிக்காகப் பிரித்த இடது கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டும், பிரிக்காத வலது கையை மணிக்கட்டு வரை இறுக்கிக்கொண்டும் வராந்தாவில் நடந்தார்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று அடுத்த வருஷத்திலிருந்து அரைக்கை சட்டைக்கு உத்தரவு வந்தது. தைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலதிகாரி தன் அறிக்கையில், இந்த வெற்றிக்குப் பதாகை ஊர்வலமே காரணம் என்று எழுதினார்.

நர்ஸை மலைக்கு அனுப்பவில்லை. அடுத்த சில மாதங்களில் ரத்தப் பரிசோதனைக்காரரைக் கட்டிக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியாரின் மூட்டுவலிக்கு இப்போது ஊசி போடுவது அவள்தான், வீட்டில் வாய் பேசுவது மாமியார்தான். அவளுக்கு முன்னால் மலைக்குப் போன நர்ஸ் அங்கேயே ஒரு தபால்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, கீழே மாற்றல் கொடுத்தும் வர மாட்டேன் என்று எழுதிவிட்டாளாம். டிராயிங் மாஸ்டர் ஆண்கள் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். காலியான மாடியறையைத் தையல்காரம்மா வாடகைக்கு விடவில்லை. மிஷின் போடப் போகிறேன் என்று சொல்கிறாள், இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ரயில் பாதையைத் தாண்டிப் போய்விடுகிறாள்.